விசில் வாட்ச்மேன் இருமுவாரா?

— கதவை விடாதீங்க டிரைவர் அண்ணே! ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிங்க!

— பிடிச்சுக்கிட்டுத்தான் சிஸ்டர் இருக்கேன். அந்தப் பக்கம் தெருவே இழுக்குது, இந்தப் பக்கம் நான் ஒத்தை ஆளு. கைப்பிடி கையோட வந்துடும் போல. இது சுகாதார வேனா, இல்ல வெளியூர் போற கடைசி பஸ்ஸா?

— ரெண்டே ரெண்டு நிமிஷம். முடிவை மட்டும் யோசிச்சுக்கறேன்.

— யோசிக்கறீங்களா! இன்னிக்குக் கதையோட கடைசி அத்தியாயம் சிஸ்டர். வெளியில ஸ்டூல், நாற்காலி எல்லாம் போட்டு உக்காந்துட்டாங்க. இன்னுமா யோசிக்கறீங்க?

— எழுதித்தான் வெச்சிருந்தேன். வர்ற வழியில ஜன்னல் வழியாப் பறந்து போயிடுச்சு. கண்ணாடியை ஏத்துங்க, ஏத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். மழை கொட்டினாலும் திறந்துதான் வெப்பேன்னு அடம் பிடிச்சா? லீவுல போயிட்டு வந்ததுல இருந்து உங்களுக்கு இந்தக் கிறுக்கு. என் தலையைப் பாருங்க, காக்கா கூடு கட்டிட்டு காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு.

— காத்து நல்லது சிஸ்டர். சத்தியமாச் சொல்றேன்.

— இந்தா, இதையும் பாருங்க. மறுபடியும் என் சீட்ல சளி டப்பா! பின்னாடி லேப்காரர்கிட்ட குடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உக்காரப் போனா டப்பா, பையை வைக்கப் போனா டப்பா.

— மறந்து போச்சு.

— வாரா வாரமா மறக்கும்?

— வயசாகுதுல்ல சிஸ்டர்.

— மணி என்னண்ணே? இந்த வாட்ச் வேற கையில நிக்கவே மாட்டேங்குது, முழங்கை வரைக்கும் போயிட்டு வருது. பட்டை லூசாப் போச்சு.

— பட்டையா லூசாச்சு? சரி, சரி. மணி ஆயிடுச்சு. அதோ, உங்க முதல் ரசிகை வர்றாங்க. இஸ்திரிக் கடை அக்கா. நீங்களே பேசிக்கோங்க. நான் கதவுல இருந்து கையை எடுத்தா உள்ள வந்து நம்ம மடியில உக்காந்துடுவாங்க.

— ஏம்மா, கதை சிஸ்டர்! கதவைத் திற!

— ஜன்னல் திறந்துதான்க்கா இருக்கு. எப்பவும் திறந்துதான் இருக்கும். சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்றது! போன வாரம் எங்கம்மா நிறுத்தினே? நகைக்கடைப் படிக்கட்டுக்கு அடியில நம்ம வாட்ச்மேன் ஒளிஞ்சிருக்காரு. திருடனோட செருப்பு மூக்குக்கு நேரா வந்து நிக்குது. தொண்டையில இருமல் கிளம்புது. மறைக்கறதுக்கு விசிலை எடுத்து வாயில வெக்கறாரு... டப்புனு மைக்கை அணைச்சுட்டுப் போயிட்டே! மனசாட்சி இருக்கா உனக்கு? அன்னிக்கு அதையே நினைச்சுக்கிட்டு ஒரு ஜட்ஜ் ஐயாவோட கோட்டைக் கருக்கிட்டேன்.

— சஸ்பென்ஸ்னா அப்படித்தான்க்கா. சஸ்பென்ஸ் இல்லன்னா அடுத்த வாரம் நீங்க வருவீங்களா?

— உன் சஸ்பென்ஸ்ல கொள்ளி வெக்க. வாட்ச்மேன் இருமுவாரா, மாட்டாரா? பொழைப்பாரா, மாட்டாரா? என் காதுல மட்டும் சொல்லு. செத்தாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

— உங்க காதுல சொன்னா, நான் மைக்கை ஆன் பண்றதுக்குள்ள தெருமுனை டீக்கடையில முற்றும் போட்டுடுவாங்க.

— அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கம்மா. என் வீட்டுக்காரர் எப்படி இருந்த மனுஷன்! ராத்திரி பூரா லொக்கு லொக்கு. டாக்டர்கிட்ட வாய்யான்னா, எனக்கு என்ன கேடுன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவாரு. உன் கதையில வாட்ச்மேன் இருமல் வரும்போதெல்லாம் விசில் ஊதறாருன்னு சொன்னே பாரு, மனுஷன் முகம் செத்துப் போச்சு. என்னைத்தான் சொல்றா, நம்ம வீட்டு டிவியைப் பத்தி அவளுக்கு யாரு சொன்னதுன்னு என்கிட்ட ஒரே சண்டை.

— இங்கயும் வந்து சண்டை போட்டாருக்கா. டப்பாவை நீட்டினதும் அடங்கிட்டாரு. மாத்திரையை ஒழுங்காப் போடறாரா?

— போடறாரு, போடறாரு. நானே திருந்திட்டேன், இந்த வாட்ச்மேன் முண்டம் இன்னும் டெஸ்டுக்குக்கூடப் போகலையேன்னு தினம் திட்டிக்கிட்டே முழுங்கறாரு. அதனாலதான் சொல்றேன். வாட்ச்மேனைக் கொன்னுகின்னு வெச்சே, உன் வெள்ளைக் கோட்டு இஸ்திரிக்கு என்கிட்டதான் வரணும். ஞாபகம் வெச்சுக்க.

— ஐயையோ, கொல்ல மாட்டேன்க்கா.

— அந்த ஹாரன் மட்டும் எப்பவும் போல இருக்கட்டும். நீ பேசிக்கிட்டே வந்து திடீர்னு நிறுத்தறதும், சரியா அந்த நேரம் பார்த்து டிரைவர் பாம்ம்னு அடிக்கறதும்... அப்பா! புல்லரிச்சுப் போகுது. ரெண்டு பேரும் வீட்ல ஒத்திகை பார்த்துட்டு வர்றீங்களோ?

— ஹாரனா? அது... ஆமா, அண்ணன் ஒரு கலைஞர்க்கா. போய் உக்காருங்க, ஆரம்பிச்சுடறேன்.

— சீக்கிரம்!

— போயிட்டாங்களா? நல்லா இழுத்துப் பிடிங்க. என்னண்ணே, கலைஞர்னதும் காது சிவக்குது?

— வெயில் சிஸ்டர். ஆனா பாருங்க, முதல் வாரம் எப்படி இருந்தது! இருமல் இருக்கிறவங்க எல்லாம் டிபி டெஸ்ட் பண்ணிக்கோங்கன்னு நோட்டீஸைக் கையில வெச்சுக்கிட்டு அழகாப் படிச்சீங்க. வந்தது யாரு? ஒரே ஒரு ஆடு. அதுவும் நோட்டீஸைத் தின்னுட்டு, நன்றிகூடச் சொல்லாமப் போயிடுச்சு.

— ஞாபகப்படுத்தாதீங்க.

— அப்புறம் விசில் வாட்ச்மேன் வந்தாரு. தையல்காரர் வந்து என்னைப் பத்தி எப்படிப் பேசலாம்னு கத்தறாரு. மளிகைக் கடைக்காரர் கத்தறாரு. ஹெட்மாஸ்டர் ஐயா, நான் மணி அடிக்கறதைத்தானே விசில்னு சொன்னீங்கன்னு கேக்கறாரு. ஊர்ல இருமற ஆம்பளைங்க மொத்தப் பேரும் வாட்ச்மேன் நான்தான், நான்தான்னு வந்து நின்னாங்களே!

— சண்டைக்கு வந்த யாரையும் டப்பா குடுக்காம அனுப்பினதில்ல. அது வரைக்கும் சந்தோஷம். ஆனா யாருக்காக இந்தக் கதையை ஆரம்பிச்சேனோ, அந்த ஒரு ஆளு மட்டும் வரிசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.

— ஒரு ஆளா? யாரு சிஸ்டர்?

— இன்னிக்கு வரட்டும், சொல்றேன்.

— வரலன்னா?

— வரலன்னா போச்சு. அடுத்த வாரம் எனக்கு வேற ஏரியா, வேற வண்டி. அந்த ஆளை அப்புறம் நான் எங்க போய்ப் பிடிக்கறது? இன்னிக்கு விட்டா விட்டதுதான். அதனால இந்த முடிவு... அந்த ஆளு நெஞ்சுல போய்... க்கும்... தைக்கற மாதிரி... ஒரு நிமிஷம்... அண்ணே! எதுக்கு இப்ப ஹாரன்? முன்னாடி ஒரு பூனைகூட இல்ல!

— கை பட்டுடுச்சு.

— கதவைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற கை ஹாரன்ல எப்படிப் படும்?

— முழங்கை சிஸ்டர். இந்தாங்க, வெந்நீர் குடிங்க.

— முழங்கை! ம்ம். குடுங்க. வாரக்கணக்கா மைக்ல கத்தினா தொண்டை என்னத்துக்கு ஆகும்? சரி, முடிவைக் கேளுங்க. படிக்கட்டுக்கு அடியில வாட்ச்மேன். விசிலை ஊதறாரு. விசிலையும் மீறி இருமல் வெடிக்குது. திருடன் உஷாராகி ஓடிடறான். வாட்ச்மேன் அவமானம் தாங்காம நேரா நம்ம வேனுக்கு வந்து, சிஸ்டர் எனக்கும் ஒரு டப்பா குடுங்கன்னு கையை நீட்டறாரு. முற்றும். எப்படி?

— வேனைக் கொளுத்திடுவாங்க.

— ஏன்?

— ஏனா? இத்தனை வாரம் காக்க வெச்சுட்டு திருடனைத் தப்பிக்க விட்டா? டயர்ல காத்தைப் பிடுங்கிடுவாங்க சிஸ்டர். அப்புறம் நான்தான் தள்ளணும்.

— திருடனாண்ணே முக்கியம்? டப்பாதான் முக்கியம்.

— அது உங்களுக்கு. தெருவுக்குத் திருடன்தான் முக்கியம். எனக்கும்தான். அதுவுமில்லாம, நீங்க சொல்ற மாதிரி இருமல் வராது.

— ஏன் வராது?

— எப்படி வரும்? அவர்தான் மாத்திரை சாப்பிடறாரே.

— யாரு?

— வாட்ச்மேன்.

— எப்போ இருந்து?

— அந்த முதல் விசில் ஊதினாரே, அதுக்கு அடுத்த நாள்ல இருந்து.

— நான் எந்த அத்தியாயத்துலயும் அப்படிச் சொல்லலையே!

— நீங்க சொல்லல. அதுக்காக மனுஷன் சும்மா இருப்பாரா? யாருக்கும் தெரியாம ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு. தலையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டு. முதல் மாத்திரை போட்டதும் ஒண்ணுக்கு ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போயிருக்கும். செத்தேன்டா சாமின்னு பாத்ரூம்லயே உக்காந்திருப்பாரு. டாக்டருக்குப் போன் போட்டா, அது மாத்திரையோட கலர்யா, பயப்படாம வெளியில வான்னு சொல்லியிருப்பாரு... என்ன சிஸ்டர், அப்படிப் பாக்கறீங்க?

— கதவை விடுங்கண்ணே.

— கூட்டம் உள்ள வந்துடும்.

— சரி, விடாதீங்க. பிடிச்சுக்கிட்டே பதில் சொல்லுங்க. ஆரஞ்சு கலர் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நோட்டீஸ்ல படிச்சேன்.

— நோட்டீஸை எழுதினது நான். அதுல ஆரஞ்சும் இல்ல, பாத்ரூமும் இல்ல.

— அப்ப அந்த ஆடு சொல்லியிருக்கும்.

— அண்ணே! மச்சான் வீடு மாத்தறான், ஒத்தாசைக்குப் போறேன்னு மூணு வாரம் லீவு போட்டீங்களே. எனக்கு அப்பவே சந்தேகம். அப்படி என்ன வீடு அது, மூணு வாரம் மாத்தற அளவுக்கு?

— மச்சானுக்கு ஏது சிஸ்டர் வீடு? அவன் என் வீட்லதான் இருக்கான்.

— அடப்பாவி மனுஷா!

— டாக்டர்தான் சொன்னாரு. மாத்திரை நல்லா வேலை செய்யற வரைக்கும் யார் பக்கத்துலயும் உக்காராதே, அப்புறம் நானே சொல்றேன்னாரு. அவர் சரின்னதுக்கு அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். இப்ப சத்தியமா நல்லா இருக்கேன். இருமலும் போயிடுச்சு. ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்ல.

— ஐயோ, அண்ணே! அந்த ஒரு ஆளு நீங்கதான்ணே! முதல் வாரம் இந்தச் சீட்ல உக்காந்து, இருமல் வர்றப்ப எல்லாம் ஹாரனை அடிச்சீங்க. நான் கேட்டா தூசின்னீங்க. ரெண்டாவது தடவை கேட்டா, வேலையை விட்டுடுவேன்னு சாவியைத் தூக்கிப் போட்டீங்க. நேரா சொன்னா கேக்கற ஆளு இல்லன்னுதான், உங்க ஹாரனை விசிலாக்கி, உங்களை வாட்ச்மேனாக்கி, ஒரு நகைக்கடையைக் கட்டி...

— தெரியும் சிஸ்டர். முதல் விசிலையே நான் கண்டுபிடிச்சுட்டேன். நான்தான்டா அதுன்னு தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்.

— அப்ப மீதி இத்தனை வாரம் நான் யாருக்குக் கதை சொன்னேன்?

— எனக்குத்தான்.

— நீங்கதான் முதல் விசிலுக்கே போயிட்டீங்களே! ஏண்ணே என்கிட்ட சொல்லல?

— முதல்ல வெக்கம். சுகாதார வேன் டிரைவருக்கே டிபின்னா ஊர் சிரிக்காதா? அப்புறம்... சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— நான் டெஸ்ட் பண்ணிட்டேன்னு தெரிஞ்சா நீங்க கதையை நிறுத்திடுவீங்க. அப்புறம் திருடன் யாருன்னு எனக்கு யாரு சொல்றது? லீவுல இருந்த மூணு வாரமும் மச்சானைத்தான் தெருவுக்கு அனுப்பிக் கதை கேட்டுட்டு வரச் சொன்னேன். அந்தத் தடியன் பாதியை மறந்துட்டு வந்துடுவான்.

— ஐயோ, சிரிப்பு மூட்டாதீங்க... எனக்குக் கோவம் வரணும்... க்கும்... க்கும்... ஐயோ அம்மா... அண்ணே! மறுபடியும் ஹாரனா? அதான் குணமாயிடுச்சே, இப்ப எதை மறைக்கறீங்க?

— முழங்கை சிஸ்டர். முழங்கை.

— ஏம்மா! உள்ள என்ன கும்மாளம்? கதையை டிரைவருக்கு மட்டும் சொல்லி முடிச்சுடலாம்னு பாக்கறியா? ஹாரனை மட்டும் அடிச்சா ஆச்சா, ஆளைக் காணோம்!

— வந்துட்டேன்க்கா! மைக்கை ஆன் பண்ணுங்கண்ணே. என் வேலை முடிஞ்சது. இனிமே திருடனை நிம்மதியாப் பிடிக்கலாம்.

— யாரு சிஸ்டர் திருடன்? எனக்கு மட்டும் முன்னாடியே...

— எனக்கே தெரியாது. வாயைத் திறந்தாத்தான் தெரியும். ஆன் பண்ணுங்க... எல்லாரும் உக்காந்தாச்சா? பின்னாடி கேக்குதா? சரி. வாட்ச்மேனை எங்க விட்டோம்? படிக்கட்டுக்கு அடியில. மூக்குக்கு நேரா செருப்பு. வாயில விசில். தொண்டையில... என்ன இருக்கு? எல்லாரும் இருமல்னு நினைச்சீங்க. திருடனும் அதைத்தான் நம்பினான். இந்த ஆளு எங்க ஒளிஞ்சாலும் இருமிக் காட்டிக்குடுத்துடுவான்னு தைரியமா நின்னான். ஆனா பாருங்க, வாட்ச்மேன் மூச்சை இழுக்கறாரு. விடறாரு. மறுபடி இழுக்கறாரு. இருமல் வரல! ஏன் வரல? நமக்கெல்லாம் தெரியாம, கதை சொல்ற எனக்கே தெரியாம, அந்த ஆளு ஆத்தைத் தாண்டிப் போய் டெஸ்ட் பண்ணி, ஆரம்பத்துல இருந்தே மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருக்காரு! கள்ளன்! கையை நீட்டறாரு. செருப்போட சேர்த்துக் காலைப் பிடிக்கறாரு. முகமூடியை இழுக்கறாரு. அந்த முகம்... க்கும்...

— பாம்ம்! பாம்ம்ம்!

— ...அந்த முகம், நகைக்கடை முதலாளியோட முகம்! தன் கடைக்குத் தானே கன்னம் வெச்ச மகராசன்! விசிலை எடுத்து ஊதறாரு நம்ம வாட்ச்மேன். மறைக்கறதுக்கு இல்ல. ஊரைக் கூப்பிடறதுக்கு. அவ்வளவுதான் கதை. இன்னும் இருமலை மறைச்சுக்கிட்டு இருக்கிற மகராசன் யாராவது இருந்தா, பின்னாடி லேப்காரர் டப்பாவோட நிக்கறாரு. வரிசையில வாங்க, தள்ளாதீங்க. அக்கா, அழாதீங்கக்கா... மைக்கை அணைங்கண்ணே.

— முதலாளியா! நான் கடைக் கணக்குப்பிள்ளைதான் திருடன்னுல்ல நினைச்சேன்! சிஸ்டர், நீங்க பெரிய ஆளு.

— முடிஞ்சுதுண்ணே. அப்பாடா. வேற ஏரியாவுக்கு நிம்மதியாப் போவேன். கிளம்பலாமா?

— எங்க கிளம்பறது? கதையில ஒரு ஆளை விட்டுட்டீங்க.

— யாரை?

— வாட்ச்மேன் கூண்டுல ரெண்டாவது ஸ்டூல் ஒண்ணு இருந்துச்சே. அதுல உக்காந்திருந்த ஆளை.

— கூண்டுல அவரு தனியாத்தானே இருந்தாரு?

— இல்ல சிஸ்டர். பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஒரு ஆளு. ஓயாமப் பேசற ஆளு. நல்ல ஆளு. சின்னக் கூண்டு. மழை வந்தா, காத்து வருது, அடை அடைன்னு சண்டை போடற ஆளு. வாட்ச்மேன் நல்லா இருமிக்கிட்டிருந்த நாள்லயும் அந்த ஆளு அங்கதான் உக்காந்திருந்தது.

— அப்படி ஒரு ஆளு இருந்தா முதல்ல அவருக்குத்தானேண்ணே டெஸ்ட் பண்ணணும்? பக்கத்துல உக்காந்தவங்களை விட்டுட்டா எப்படி? நான் இதைத்தானே தெருத்தெருவாச் சொல்றேன். உங்க வாட்ச்மேன் ஏன் அந்த ஆளுகிட்ட சொல்லல?

— வாயால சொல்ல தைரியம் வரல. அதான் வாரா வாரம் அந்த ஸ்டூல்ல ஒரு டப்பாவை வெச்சுப் பார்த்தாரு. அந்த ஆளு எடுத்துப் பின்னாடி வெச்சுட்டே இருந்தது.

— என் சீட்ல இருந்த அந்த டப்பாவா!

— என் வீட்ல எல்லாருக்கும் பார்த்தாச்சு. மச்சானுக்குக்கூட. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. இந்த வேன்தான் பாக்கி.

— அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல. இது மைக்ல கத்தினதுல... ஜன்னல் தூசி...

— தூசி. ம். அதே தூசியைத்தான் நானும் சொன்னேன்.

— நான் எப்பண்ணே இருமினேன்? இத்தனை வாரமா இந்தத் தெருவே காதைத் தீட்டிக்கிட்டு நான் சொல்றதைக் கேக்குது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து சொல்லட்டும், நான் இருமி அவங்க காதுல கேட்டுச்சுன்னு!

— எப்படிக் கேக்கும் சிஸ்டர்? லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து நான் அடிச்ச ஹாரன் எல்லாம் பின்ன எதுக்குன்னு நினைச்சீங்க?